ஜூலியா க்வின் பயோரைத் தடுத்தது சரியா? ஒரு ரைட் பேக்கின் பத்து வருடம்

வலதுகோடி:
வணக்கம் நண்பர்களே. பெண்கள் யூரோ 2025 (ஐரோப்பியக் கால்பந்துத் தொடர்) முடிந்த பிறகும் அதன் ஒரு நிமிடம் என் மனதைவிட்டுப் போகவில்லை. ஜூலை 4, செயின்ட் காலன், ஜெர்மனி - போலந்து. இன்னும் கோல் விழவில்லை. போலந்தின் ஏவா பயோர் பின்வரிசையைத் தாண்டி ஓடிவிட்டார், எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். பின்னாலிருந்து துரத்தி வந்த ஜெர்மனி கேப்டன், ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) ஜூலியா க்வின் கடைசி நொடியில் சறுக்கிக் காலை நீட்டினார். கோல் தப்பியது, முழங்கால் போனது. எழுந்து ஆடிப் பார்த்தார், முடியவில்லை. இடைவேளைக்கு முன்பே அழுதுகொண்டு வெளியேறினார். முழங்காலின் உள்பக்க லிகமென்ட் (எலும்புகளைப் பிடித்துவைக்கும் நார்) காயம். கேப்டனாக அவர் இறங்கிய முதல் பெரிய தொடர் ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவரைப் பற்றி எங்கே படித்தாலும் காயங்களின் பட்டியல்தான். 2020இல் முன் சிலுவை லிகமென்ட், 2022இல் மறுபடியும் அதே, 2025இல் இது. பரிதாபப்பட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். அவர் எப்படிப்பட்ட டிஃபெண்டர் என்று யாரும் எழுதக் காணோம். அதைப் பேசத்தான் இந்த இழை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விங்கராக (பக்கவாட்டில் முன்னேறித் தாக்கும் ஆட்டக்காரராக) வளர்ந்த ஒருவர் எப்படி முழு டிஃபெண்டராக மாறினார் என்பதற்கு அந்தத் தடுப்பைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

ரூர்வாசி:
நல்ல இழை. எனக்கு இதில் சொந்த அக்கறையும் இருக்கிறது. நாங்கள் ஜெர்மனியில் எஸ்ஸன் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்குப் பதினொரு வயது, ஊர் கிளப்பில் மூன்று வருடமாக ரைட் விங். போன வாரம் பயிற்சியாளர் அவளை ரைட் பேக்காக ஆடச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "நான் நல்லா ஆடலைன்னுதானே அப்பா பின்னாடி அனுப்புறாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. க்வினும் விங்கராகத்தான் தொடங்கினார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அவளிடம் சொல்வேன்.

நடுக்கோடு:
வலதுகோடி அண்ணா, ஒரு மறுப்பு. க்வினை முழு டிஃபெண்டர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவரைப் பற்றி நினைத்தாலே எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் கோல்கள். 2019 உலகக் கோப்பையில் சீனாவுக்கு எதிரான கோல், 2024 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு எதிராக ஒன்று, அப்புறம் வெண்கலப் போட்டியில் ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டி. முன்னால் போய் ஆடுபவர், பின்னால் நிற்கிறார், அவ்வளவுதான். ஜெர்மனியின் பழைய ரைட் பேக் கெர்ஸ்டின் ஸ்டேகெமானை எடுத்துக்கொள்ளுங்கள். 191 சர்வதேச ஆட்டங்கள். அவரைத் தாண்டிப் போவது எவ்வளவு கஷ்டம்! டிஃபெண்டர் என்றால் எனக்கு அதுதான்.

வலதுகோடி:
நியாயமான கேள்வி, தம்பி. ரூர்வாசிக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

க்வின் பிறந்தது 1999 ஜூலை 2, போடன்சே ஏரிக்கரையில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன். பையன்களோடு ஆடித்தான் வளர்ந்தார். 2015இல் பதினாறு வயதில் ஃப்ரைபர்க் அணிக்குப் போனார். அதே வருடம் அங்கே யென்ஸ் ஷொய்யர் பயிற்சியாளராக வந்தார். நான்கு வருடம் கழித்து, 2019இல், இருவரும் ஒரே கோடையில் பயர்ன் மியூனிக் சென்றார்கள். ஒரு பெண்ணின் பதினாறிலிருந்து இருபத்திரண்டு வயது வரை கிளப்பில் ஒரே பயிற்சியாளர் என்பது சின்ன விஷயமில்லை.

நீங்கள் சொன்ன சீனா கோலைப் பாருங்கள். 2019 ஜூன் 8, ரென் நகரம். ஆட்டம் ஜெர்மனிக்குச் சரியாக வரவில்லை, சீனா முரட்டுத்தனமாக ஆடுகிறது. 66ஆவது நிமிடம் ஒரு கார்னர், வெளியே வந்த பந்தைப் பெனால்டி பெட்டியின் விளிம்பிலிருந்து க்வின் அடித்தார். 1-0. வயது 19. அந்தத் தொடரின் சிறந்த இளம் வீராங்கனை விருதும் அவருக்குத்தான். ஆனால் அதே ரென் மைதானத்தில் காலிறுதியில் ஸ்வீடனிடம் 1-2 தோற்று ஜெர்மனி வெளியேறியது. அதோடு டோக்கியோ ஒலிம்பிக்குக்கான வாய்ப்பும் போனது. அந்தத் தொடரில் அவர் எந்த இடத்துக்கு உரியவர் என்றே இன்னும் முடிவாகவில்லை. பின்வரிசையில் ஒருநாள், முன்னே ஒருநாள் என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இடம் உறுதியானது அதற்குப் பிறகு. 2022 யூரோவில் ஆறு ஆட்டமும் ரைட் பேக். டென்மார்க், ஸ்பெயின், பின்லாந்து, ஆஸ்திரியா, நான்கு பேரிடமும் ஜெர்மனி ஒரு கோல்கூட வாங்கவில்லை. அரையிறுதியில் பிரான்ஸிடம் வாங்கிய ஒன்றுகூட பந்து கம்பத்தில் பட்டு கோல்கீப்பர் ஃப்ரோம்ஸ் முதுகில் மோதி உள்ளே போனது. தொடரின் சிறந்த பதினொருவரில் ரைட் பேக் இடம் க்வினுக்கு. நடுத் தடுப்பில் மரீனா ஹேகரிங். அந்த விருதை கோலுக்காகக் கொடுக்கவில்லை. அவர் அந்தத் தொடரில் கோலே போடவில்லை.

ரூர்வாசி, உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: இன்றைய ஆட்டத்தில் ரைட் பேக்குக்கு விங்கரின் கால்கள் வேண்டும். தொண்ணூறு நிமிடமும் ஒரே கோட்டில் மேலும் கீழும் ஓட வேண்டும், கிராஸ் போட வேண்டும், எதிரணி விங்கர் அடுத்து என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். மூன்று வருடம் விங்கில் ஆடியவளுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

நடுக்கோடு:
2022 விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆறு ஆட்டத்தையும் நான் பார்க்கவில்லை, இறுதிப் போட்டி மட்டும்தான் பார்த்தேன். வெம்பிளியில் 87,192 பேர். ஜெர்மனி கேப்டன் பாப் வார்ம்-அப்பிலேயே காயப்பட்டு விலகியது, கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் குளோயி கெல்லி கோல், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ரைட் பேக்கை நான் கவனிக்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பழைய ஸ்டாப்பர்:
கவனிக்கப்படாமல் இருந்தால் அந்த டிஃபெண்டர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள், தம்பி. பதினைந்து வருடம் நான் நடுவில் நின்றவன்.

மூட்டுவைத்தியம்:
நான் பிசியோதெரபிஸ்ட். காயங்களைப் பற்றிப் பேச வேண்டாம் என்று வலதுகோடி சொல்கிறார், ஆனால் அதைத் தவிர்த்துவிட்டு இவருடைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

முதல் கிழிசல் 2020 செப்டம்பர், எஸ்ஸனில் அயர்லாந்துக்கு எதிரான ஆட்டம். திரும்பி வர ஏறக்குறைய ஒரு வருடம். இரண்டாவது 2022 அக்டோபர், தேசிய அணியின் பயிற்சியில். வெம்பிளி முடிந்து மூன்றே மாதம் ஆகியிருக்காது. முன் சிலுவை லிகமென்ட் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிடித்துவைப்பது. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழியும். வேகமாக ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திரும்பும்போது, குதித்துக் காலூன்றும்போது. கிழிந்தால் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பொருத்துவார்கள். வைத்த நார் பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன்பே ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் ஆபத்து தெளிவாகவே கூடுகிறது.

பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகம். இடுப்பின் அமைப்பு, ஹார்மோன் என்று உடலையே காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். அது பாதிக் கதைதான். சிறு வயதில் சரியான தசைப் பயிற்சி கிடைப்பதில்லை, ஆண்களின் பாதத்துக்குச் செய்த ஷூ, மோசமான மைதானம், நெருக்கமான ஆட்ட அட்டவணை. 2022-23 காலத்தை நினைத்துப் பாருங்கள். புட்டேயாஸ், மீட், மியடேமா, வில்லியம்சன் என்று பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் இதே லிகமென்ட். 2024 ஜூலையில் ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு ஜெர்மனியின் லேனா ஓபர்டோர்ஃப்.

ரூர்வாசி அண்ணா, மகளுக்கு எந்த இடம் என்பதைவிட, கிளப்பில் வார்ம்-அப் எப்படி நடக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். ஒற்றைக்காலில் நிற்பது, முட்டி உள்பக்கம் மடியாமல் குதித்து இறங்குவது, தொடைப் பின்தசைக்கான பயிற்சி, இதெல்லாம் வாரம் இரண்டு முறையாவது இருக்க வேண்டும். இருபது நிமிடம் போதும். காயத்தைக் குறைக்கிறது என்று நிரூபணமான முறை இது.

கரையோரம்:
மூட்டுவைத்தியம் சொன்னதை வைத்தே கேட்கிறேன். இரண்டு முறை சிலுவை லிகமென்ட் கிழிந்த ஒருவர், தொடரின் முதல் ஆட்டத்தில், 0-0 இருக்கும்போது, அந்தத் தடுப்புக்குப் போயிருக்க வேண்டுமா? கோல் விழுந்தால் விழட்டும். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. எதிரே போலந்து, அவர்களுக்கு அதுதான் முதல் யூரோவின் முதல் ஆட்டம். இடைவேளைக்குப் பிறகு பிராண்டும் ஷ்யூலரும் கோல் போட்டு 2-0 என்று ஜெர்மனி எப்படியும் வென்றது. கேப்டன் இல்லாமல் மீதித் தொடரை ஆட வேண்டியதாயிற்று. ஒரு கோலை விட்டுக்கொடுத்துக் கேப்டனை வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அவர் மேல் கோபமில்லை, வருத்தம்தான். எனக்கும் இருபத்தாறு வயதில் லிகமென்ட் கிழிந்தது. ஒரு வருடம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் பயந்தேன். அதன் பிறகு நான் ஆடவே இல்லை. அதனால்தான் அந்தக் காட்சியைப் பார்க்க முடியவில்லை.

பழைய ஸ்டாப்பர்:
கரையோரம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த நொடியில் கணக்குப் பார்க்க நேரம் கிடையாது. நீங்கள் கணக்குப் பார்த்தால் பந்து ஏற்கெனவே வலைக்குள் இருக்கும்.

ஓடியது யார் என்றும் பாருங்கள். பயோர் 2015 முதல் 2024 வரை வொல்ஃப்ஸ்பர்க்கில் ஆடியவர், பிறகுதான் பார்சிலோனா. அத்தனை வருடம் க்வின் ஃப்ரைபர்க்கிலும் பயர்னிலுமாக அவரை எதிர்த்து ஆடியிருக்கிறார். 2019 ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டி, ஃப்ரைபர்க் 0, வொல்ஃப்ஸ்பர்க் 1. அந்த ஒரு கோல் பயோருடையது. தோற்ற அணியில் க்வின் இருந்தார். பயோர் தனியாக ஓடினால் என்ன ஆகும் என்று அந்த மைதானத்தில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

தடுத்த விதத்தையும் சொல்கிறேன். பின்னாலிருந்து துரத்தும்போது பந்தை நோக்கி ஓடக்கூடாது. பந்துக்கும் கோலுக்கும் நடுவே உள்ள இடத்தை நோக்கி ஓட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பந்தைப் பறிக்கத் தேவையில்லை, அடிக்கும் பாதையை மறைத்தால் போதும். அதற்கு முழு வேகத்தில் இருந்து உடம்பைத் தரையில் போட வேண்டும். கால் புல்லில் சிக்கினால் என்ன ஆகும் என்று இரண்டு முறை அறுவைச் சிகிச்சை மேசையில் படுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தே போனார். பெட்டிக்குள் நேரம் தவறிச் சறுக்கியிருந்தால் பெனால்டியும் மஞ்சள் கார்டும். அது எதுவும் ஆகவில்லை. சுத்தமான தடுப்பு.

வலதுகோடி:
ஸ்டாப்பர் ஐயா, நான் முதல் பதிவில் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

பழைய ஸ்டாப்பர்:
இன்னும் கொஞ்சம் எழுத அனுமதியுங்கள். ஹேகரிங் பெயரை எடுத்ததால் சும்மா இருக்க முடியவில்லை.

மரீனா ஹேகரிங், 1990, போகோல்ட் ஊர்க்காரர். 2009இல் டூய்ஸ்பர்க் அணியோடு ஐரோப்பியக் கோப்பை வென்றபோது 19 வயது. அடுத்த வருடம் சொந்த நாட்டில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஜெர்மனி வென்றது, அவர் கேப்டன். அதே அணியில் அலெக்ஸாண்ட்ரா பாப் இருந்தார். பாப் நேராகப் பெரிய அணிக்குப் போய்விட்டார். ஹேகரிங்குக்குக் குதிகாலில் பிரச்சினை வந்தது. சிகிச்சை, மறுபடி சிகிச்சை என்று வருடங்கள் போயின. தேசிய அணிக்கு அவர் முதன்முதலாக ஆடியது 2019 ஏப்ரலில், 29ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு. நினைத்துப் பாருங்கள், இருபது வயதில் உலகக் கோப்பையைத் தூக்கியவர், அடுத்த படியில் கால்வைக்க ஒன்பது வருடம் காத்திருந்தார்.

வந்த பிறகு? 2019 உலகக் கோப்பை. 2020 கோப்பை இறுதிப் போட்டியில் எஸ்ஸனுக்காக வொல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக ஒரு கோல், ஆட்டம் 3-3, பெனால்டியில் தோல்வி. 2021இல் பயர்னோடு லீக் பட்டம். 2022 வெம்பிளி. 2024 ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 3-0 வென்ற ஆட்டத்தின் முதல் கோல் அவருடையது. வெண்கலப் பதக்கத்தோடு தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். அவர் விளையாடிய ஆட்டங்களைப் பாருங்கள், அவசரமே இருக்காது. பந்து வரும் இடத்தில் ஏற்கெனவே நிற்பார். வேகம் குறைந்தவர்களுக்கு அந்த வித்தை தானாக வந்துவிடும் என்பார்கள். தானாகவெல்லாம் வராது. மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்து பார்த்த வருடங்களில் வந்தது என்று நான் நம்புகிறேன்.

நியா க்யூன்ட்ஸரையும் மறந்துவிடக்கூடாது. நான்கு முறை சிலுவை லிகமென்ட் கிழிந்தவர். 2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, ஸ்வீடனுக்கு எதிராக 88ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கூடுதல் நேரத்தில், 98ஆவது நிமிடத்தில் ரெனாட்டே லிங்கோரின் ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டித் தங்க கோல் (விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும் கோல்) போட்டார். ஜெர்மனியின் முதல் பெண்கள் உலகக் கோப்பை. இன்று ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தில் பெண்கள் பிரிவின் விளையாட்டு இயக்குநர் அவர்தான்.

கரையோரம்:
நான்கு முறையா? எனக்குத் தெரியாது. ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். இன்னும் அந்தத் தடுப்பு தேவையா என்ற கேள்வி என்னிடம் இருக்கிறது. ஆனால் அவர் தெரிந்தே போனார் என்று நீங்கள் சொன்னதை மறுக்க முடியவில்லை.

வலதுகோடி:
கரையோரம், தோழி, இன்னொரு கோணமும் இருக்கிறது. க்வின் இல்லாதபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2023 உலகக் கோப்பை. க்வின் இரண்டாவது கிழிசலில் இருந்து மீண்டுகொண்டிருந்தார். தொடருக்குச் சற்று முன் ஜாம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில் கரோலின் சிமோனுக்கும் லிகமென்ட் போனது. ஆக இரண்டு பக்கத்துத் தடுப்பிலும் ஓட்டை. ஹேகரிங் முதல் இரண்டு ஆட்டத்துக்கு இல்லை. வலப்பக்கத்தில் விங்கர் ஸ்வென்யா ஹூத்தைப் பின்னால் இறக்கினார்கள். மொராக்கோவை 6-0 வென்றபோது யாருக்கும் தெரியவில்லை. கொலம்பியாவிடம் 1-2, தென் கொரியாவோடு 1-1. வரலாற்றில் முதல்முறையாக ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஒரு ரைட் பேக் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், கோல் போடும் வாய்ப்புகளையும் வீணடித்தார்கள். ஆனால் ஹூத் நல்ல ஆட்டக்காரர், உழைப்பாளி, இருந்தும் விங்கரைப் பின்னால் நிறுத்தினால் மட்டும் டிஃபெண்டர் ஆகிவிடாது என்பது அங்கே தெரிந்தது. க்வினுக்கு அது பழக வருடங்கள் ஆயின.

2025இல் க்வினுக்குப் பதிலாக உள்ளே வந்தது கார்லோட்டா வாம்ஸர், 21 வயது. அவரும் அடிப்படையில் முன்வரிசை ஆட்டக்காரர்! பயமில்லாமல் ஆடினார், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஸ்வீடனோடு 1-4 தோற்ற ஆட்டத்தில் கோல் கோட்டில் பந்தைக் கையால் தடுத்து ரெட் கார்டு வாங்கினார். அது அனுபவமின்மை, குற்றமில்லை. அடுத்து பிரான்ஸோடு காலிறுதி. 13ஆவது நிமிடத்தில் ஹென்ட்ரிஷ் ரெட் கார்டு, பத்துப் பேரோடு கூடுதல் நேரம் முழுக்கத் தாக்குப்பிடித்து, பெனால்டியில் கோல்கீப்பர் பெர்கரின் கைகளால் வென்றார்கள். அரையிறுதியில் ஸ்பெயினிடம் 113ஆவது நிமிடத்தில் ஐதானா போன்மாட்டி அடித்த கோலில் முடிந்தது. பிரான்ஸுக்கு எதிராகப் பத்துப் பேரோடு நின்ற அந்தப் பின்வரிசையைப் பார்த்தபோது எனக்குச் செயின்ட் காலன்தான் ஞாபகம் வந்தது. கேப்டன் முதல் நாளே காட்டிவிட்டுப் போன ஆட்டம் அது.

நடுக்கோடு:
வெண்கல ஆட்டத்தைப் பற்றி யாராவது எழுதுங்களேன். அதைத்தான் நான் கோல் கணக்கில் சேர்த்தேன்.

வலதுகோடி:
எழுதுகிறேன். 2024 ஆகஸ்ட் 9, லியோன். எதிரே உலகச் சாம்பியன் ஸ்பெயின். அரையிறுதியில் அமெரிக்காவிடம் கூடுதல் நேரத்தில் தோற்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. 65ஆவது நிமிடம், பெட்டிக்குள் ஸ்பெயின் கோல்கீப்பர் காதா கோய் ஒருவரைச் சாய்க்கிறார், பெனால்டி. சாய்ந்தது க்வின். எழுந்து வந்து அடித்ததும் க்வின். ரைட் பேக் எதிரணியின் பெட்டிக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில், தம்பி. பின்னாலிருந்து வருபவரை யாரும் மார்க் செய்வதில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் ஸ்பெயினுக்கு ஒரு பெனால்டி. புட்டேயாஸ் அடித்ததை பெர்கர் பிடித்தார். 1-0. ஹோர்ஸ்ட் ஹ்ரூபெஷ் பயிற்சியாளராக இருந்த கடைசி ஆட்டம். 2016 தங்கத்துக்குப் பிறகு ஜெர்மன் பெண்களுக்குக் கிடைத்த பதக்கம்.

அந்த வருடம் அக்டோபரில் பாப் ஓய்வு பெற்றார். 2025 பிப்ரவரியில் புதுப் பயிற்சியாளர் கிறிஸ்டியான் வ்யூக் கேப்டன் பட்டையை க்வினிடம் கொடுத்தார். மே மாதத்துக்குள் பயர்னோடு லீக், கோப்பை இரண்டும். ஒரே பருவத்தில் இரண்டையும் பயர்ன் பெண்கள் வென்றது அதுவே முதல்முறை. பிறகு ஜூலை. மீதி உங்களுக்குத் தெரியும்.

நடுக்கோடு:
சரி அண்ணா. ஸ்டேகெமானை நான் விட்டுக்கொடுக்கவில்லை. க்வினை டிஃபெண்டர் இல்லை என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ரூர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை நான் மகளுக்கு முழுதாகத் தமிழிலேயே படித்துக்காட்டினேன், புரியாத இடத்தில் ஜெர்மனில் சொன்னேன். பயோர் தடுப்பைக் காணொளியில் ஐந்தாறு முறை பார்த்தாள். ஸ்டாப்பர் ஐயா சொன்ன, பந்துக்கும் கோலுக்கும் நடுவே ஓடுவது என்ற விஷயத்தை வராந்தாவில் என்னைப் பயோராக ஓடவிட்டுச் செய்து பார்த்தாள். மூட்டுவைத்தியம் சொன்னதையும் கேட்டேன். அவர்கள் கிளப்பில் அந்த வார்ம்-அப் இல்லை. பயிற்சியாளரிடம் பேசினேன், அடுத்த வாரத்திலிருந்து தொடங்கலாம் என்றார்.

சனிக்கிழமை ரைட் பேக்காக முதல் ஆட்டம். நேற்று இரவு படுக்கப் போகும்போது மகள் ஒன்று கேட்டாள்: "நான் முன்னாடி ஓடிட்டா, எனக்குப் பின்னாடி யாரு பாத்துக்குவாங்க?" எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். இன்று பயிற்சிக்குப் போனதும் அவளே நடுத் தடுப்பில் ஆடும் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.